பதினாறு பக்கத்தில் பன்னிரண்டு

ஜூன் 4

அன்புள்ள தம்பிக்கு,

நம்மைப் பாவி என்று அச்சடித்து வைத்திருக்கிற இடத்துக்கு நாம் சும்மா உழைத்துக் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறாய். இரண்டு நாளாக யோசித்துப் பார்த்தேன். எனக்குத் தெரியவில்லை.

ஒரு குவளைத் தண்ணீரைக் கொடுத்து இதில் என்ன இருக்கிறது என்று கேட்டால் சொல்லிவிடுவேன். குடிக்கலாமா என்று கேட்டால் அட்டவணையில் வரம்பைப் பார்த்துச் சொல்வேன். இருபத்து நான்கு வருடமாகப் பரிசோதனைக் கூடத்தில் அதைத்தான் செய்கிறேன். நீ கேட்டதற்கு அட்டவணை கிடையாது.

எனக்குத் தெரிந்ததை மட்டும் எழுதுகிறேன். ஒன்பது வருடமாக நீ வருடத்துக்கு இரண்டு முறை வந்து இல்லத்து லிஃப்டைக் கழற்றித் துடைத்து, தேய்ந்ததை மாற்றி, கூலி வாங்காமல் போகிறாய். அந்த லிஃப்ட் நின்றால் மாடியில் இருக்கிற பதினோரு சக்கர நாற்காலிகளும் மாடியிலேயே நிற்கும். அவற்றில் உட்கார்ந்திருக்கிறவர்களுக்குக் கொள்கை எதுவும் கிடையாது. ஒருவருக்குக் கீழே இருக்கிற வேப்பமரம் வேண்டும். இன்னொருவருக்குச் சமையலறைப் பூனை வேண்டும். பகலில் அங்கே போகிற என் மகளுக்கு, நீ வைத்த பெயருக்கு ஏற்றபடி மேஸ்திரி வேலை வேண்டும். வாசலில் கிடக்கிற செருப்பையெல்லாம் அளவு வாரியாக அடுக்கி முடித்த பிறகுதான் அங்கே யாரும் உள்ளே போகலாம். இருபத்திரண்டு வயதில் அவளுக்குக் கிடைத்திருக்கிற ஒரே அதிகாரம் அது.

அது ஒரு மத அமைப்பு நடத்துகிற இடம். அவர்கள் புத்தகத்தில் இப்படியெல்லாம் இருக்கத்தான் செய்யும். எவரும் அதைப் படிப்பதில்லை. காலை வழிபாட்டு நேரத்தில் இவளை விடப் போனால் நான் வாயை மூடிக்கொண்டு நிற்பேன். ஏன் என்று ஒருவரும் கேட்டதில்லை. அதைப் பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டிருக்கிறேன். கவனிக்காமலும் இருந்திருக்கலாம்.

வேறு இடம் பார்க்கக் கூடாதா என்பாய். அரசு விடுதியைப் போய்ப் பார்த்திருக்கிறேன். பகலிலும் வெளிப்பக்கம் பூட்டு. ஒரு பெண் கதவுக் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றாள். நான் உள்ளே சுற்றிவிட்டு வந்தபோதும் அதே கம்பியில் அதே நெற்றி. அதன் பிறகு நான் வேறு இடம் பார்க்கவில்லை.

இப்போது இரண்டு செய்தி. எனக்குக் கர்ப்பப்பையில் கட்டி. பயப்பட வேண்டாம் என்று டாக்டர் சொல்கிறார். எடுத்துவிட வேண்டும் என்றும் சொல்கிறார். இருபத்தேழாம் தேதி. அதற்கப்புறம் ஆறு வாரம் நான் எதையும் தூக்கக் கூடாது. வலிப்பு வந்து விழுந்தால் இவளைத் தூக்க வேண்டும். இவள் என்னைவிடக் கனம்.

அடுத்த செய்தி, இல்லத்தில் மாடியில் ஒரு படுக்கை காலியாகியிருக்கிறது. அங்கே இருந்த பெண் இறந்துபோனாள். அங்கே படுக்கை அப்படித்தான் காலியாகும். இவளைப் பகல் நேரத்துக்கு மட்டும் இல்லாமல், நிரந்தரமாகவே எடுத்துக்கொள்கிறோம் என்கிறார்கள். இருபத்து நான்காம் தேதிக்குள் படிவம் கொடுக்க வேண்டும்.

ஆகவே இருபதாம் தேதி வழக்கம்போல் வா. இந்தத் தடவை மட்டும் வராமல் இருந்துவிடாதே. மற்றதை நேரில் பேசிக்கொள்ளலாம்.

அக்கா

ஜூன் 9

அக்கா,

உன் கடிதம் நான்கு பக்கம். நீ ஒன்றரைப் பக்கத்துக்கு மேல் எழுதி நான் பார்த்ததில்லை. அப்பா செத்ததற்கே ஒன்றேகால் பக்கம்தான். அப்போதே தெரிந்துவிட்டது, எதையோ சுற்றி வளைத்துப் போகிறாய் என்று.

முதலில் கட்டி. எந்த ஆஸ்பத்திரி, எத்தனை மணிக்கு, யார் கூட இருப்பார்கள், இதெல்லாம் எழுதவே இல்லை. அடுத்ததில் எழுது. உன் வீட்டுக்குப் போன் போட முடியாமல் போனது எனக்குப் பெரிய இடைஞ்சல். மேஸ்திரி மட்டும் என் குரலைக் கேட்டால் போனைப் பிடுங்கி, நான் அதற்குள் இருக்கிறேன் என்று குலுக்கிக் குலுக்கி அழாமல் இருந்தால், இந்தத் தபால்காரருக்கு நாம் இவ்வளவு வேலை வைத்திருக்க மாட்டோம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நான் உன்னிடம் இரண்டு கேள்வி கேட்டேன். வேலை செய்து கொடுக்கலாமா என்பது ஒன்று. உனக்கு முன்பே தெரியுமா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு நான்கு பக்கம் வந்திருக்கிறது.

நடந்தது இதுதான். வருடா வருடம் நீ அனுப்புகிற இல்லத்து அறிக்கையெல்லாம் என் மேஜை இழுப்பறையில் கிடந்தது. போன மாதம் வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது பைண்டர் அதையெல்லாம் எடுத்து அடுக்கினான். பிரஸ்ஸில் புத்தகம் தைக்கிறவன் இல்லையா, அவனுக்குப் புத்தகம் கையில் கிடைத்தால் படிக்கத் தோன்றாது, எண்ணத் தோன்றும். எண்ணினான். "என்னடா இது, பன்னெண்டு பக்கம்தான் இருக்கு. ரெண்டுக்கு அப்புறம் அஞ்சு வருது" என்றான். ஒன்பது புத்தகத்திலும் அப்படியே. தாள்களைச் சேர்த்துப் பிடிக்கிற பின்னைப் பார்த்தான். மெஷின் அடித்த பின்னின் கால் ஒரே மாதிரி மடங்கியிருக்குமாம். இவை நிமிர்த்தி, திரும்பக் கையால் மடக்கியவை. "யாரோ பொறுமையான ஆளு வேலை" என்றான். எனக்கு அப்போது உன் முகம் ஞாபகத்துக்கு வரவில்லை. சத்தியமாக வரவில்லை.

அவன் இல்லத்துக்கே ஒரு கார்டு எழுதிப் போட்டான், நன்கொடையாளர் ஒருவருக்கு முழு அறிக்கை வேண்டும் என்று. பதினாறு பக்கம் தபாலில் வந்தது. நான்காம் பக்கத்தை அப்படியே எழுதுகிறேன். "ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் துணையாக வாழ்வதைப் பாவமாகக் கருதுகிறோம். அவ்வாறு வாழ்வோரை ஊழியராகவோ தொண்டராகவோ இல்லவாசிகளின் காப்பாளராகவோ ஏற்பதில்லை." ஆக, ஒன்பது வருடமாக நான் விதியை மீறி எண்ணெய் போட்டிருக்கிறேன். லிஃப்டுக்குத் தெரிந்திருந்தால் நின்றிருக்கும்.

இன்னொன்று உனக்குத் தெரியாமல் இருக்காது. நடுவில் பின் அடித்த புத்தகத்தில் ஒரு தாளை உருவினால், அதோடு ஒட்டிய மறுபாதியும் வந்துவிடும். மூன்று, நான்கு போனால் பதின்மூன்று, பதினான்கும் போகும். பதின்மூன்றாம் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்தேன். "எங்கள் லிஃப்ட் மாமாவுக்கு நன்றி." என் போட்டோ. பக்கத்தில் மேஸ்திரி, என் ஸ்பேனர்களை அளவு வாரியாக அடுக்கிக்கொண்டு. யாரோ ஒரு தடவை போட்டோ எடுத்த ஞாபகம் இருக்கிறது. அது அச்சில் வந்தது தெரியாது. மெஷின் ரூமில் யாரும் அறிக்கையை ஒட்டி வைப்பதில்லை.

நான் பைண்டரிடம் சொன்னேன், நான் லிஃப்டுக்குத்தானே செய்கிறேன், அவர்களுக்கா செய்கிறேன் என்று. அவன் ஒன்றே ஒன்றுதான் கேட்டான். "அந்த லிஃப்ட்ல நீயும் நானும் ஒண்ணா ஏறலாமா?"

அக்கா, அந்தத் தாளை எடுத்தது யார்?

தம்பி

ஜூன் 13

தம்பிக்கு,

நான்தான் எடுத்தேன்.

பரிசோதனைக் கூடத்து இடுக்கியால் பின்னை நிமிர்த்தி, தாளை உருவி, திரும்ப மடக்கினேன். ஒவ்வொரு ஜனவரியிலும் மதியச் சாப்பாட்டு இடைவேளையில். பதின்மூன்றாம் பக்கமும் சேர்ந்து போவது தெரிந்துதான் செய்தேன். தாளைக் கத்தரித்து ஒரு பாதியை மட்டும் எடுத்திருக்கலாம். வெட்டின ஓரம் தெரிந்துவிடும் என்று செய்யவில்லை.

எடுத்த ஒன்பது தாளையும் எறியவில்லை. இதோடு அனுப்புகிறேன். உனக்குச் சேர வேண்டிய நன்றி அவற்றில் இருக்கிறது.

ஏன் என்று கேட்பாய். முதல் வருடம், நீ மனம் நோகக்கூடாது என்று எடுத்தேன். இரண்டாம் வருடத்திலிருந்து, நீ வருவதை நிறுத்திவிடக் கூடாது என்று எடுத்தேன். நீ லிஃப்டைப் பார்த்துக் கொடுக்க ஆரம்பித்ததிலிருந்து அங்கே இவளை எவரும் முகம் சுளித்துப் பார்த்ததில்லை. வலிப்பு அடிக்கடி வந்த வருடத்தில் இரண்டு பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். இவளை அனுப்பவில்லை. காரணம் நீதான் என்று நிரூபிக்க என்னிடம் ஆதாரம் இல்லை. அப்படித்தான் நம்பினேன். நான் ஆதாரம் இல்லாமல் நம்பிய ஒரே விஷயம் அதுவாக இருக்கும்.

அந்தப் பக்கத்தை ஒவ்வொரு வருடமும் படித்தேன். கோபம் வந்தது முதல் வருடம் மட்டும்தான். இதையும் உன்னிடம் சொல்லிவிட வேண்டும்.

இப்போது எழுதப்போவதை எழுதாமல் இருக்க வழி பார்த்தேன். கிடைக்கவில்லை.

நேற்று நிர்வாகி அம்மா கூப்பிட்டிருந்தார். சிறிய அறை, சுவரோரமாக முழங்கால் உயரத்துக்குக் கோப்புகள். நல்ல மனிதர். இவளுக்கு வலிப்பு வந்த ஒரு நாள் தன் புடவையையே மடித்துத் தலைக்கு வைத்தவர். படிவத்தில் எல்லாவற்றையும் அவரே நிரப்பி வைத்திருந்தார்.

"உங்களுக்கு அப்புறம் யாரும்மா? அத மட்டும் சொல்லிட்டீங்கன்னா போதும்."

என் தம்பி என்றேன். முகம் மலர்ந்துவிட்டது.

"லிஃப்ட் தம்பியா? அவர விட்டா வேற யாரு? இதுக்கா இவ்வளவு நேரம் யோசிச்சேன் நானு."

இவள் அப்பாவைப் பற்றி அவர் கேட்கவில்லை. இவளுக்கு நான்கு வயதானபோது எங்களை விட்டுப் போனவர் என்பது கோப்பில் இருக்கிறது. பிறகு இரண்டாம் தாளை எடுத்தார். காப்பாளர் உறுதிமொழி. எல்லாரிடமும் வாங்குவதுதான், ஒரு வழக்கம், மேலிடத்தில் கேட்பார்கள் என்றார். "நான் இல்லத்தின் கொள்கைகளை ஏற்கிறேன்" என்று ஒரு வரி. அதன் கீழே, வசிப்பது யாருடன் என்று ஒரு கட்டம். அதன் கீழே கையெழுத்து.

காப்பாளர் இல்லாமல் எடுத்துக்கொள்ள மாட்டீர்களா என்று கேட்டேன். "நீங்க படிச்சவங்க. நாளைக்கு உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா இந்தப் புள்ளைக்கு ஆஸ்பத்திரியில யாரும்மா கையெழுத்துப் போடுவாங்க?" என்றார். அவர் கேட்டது சரிதான். நான் தினமும் என்னையே கேட்டுக்கொள்வது. உன்னைத் தவிர நமக்கு ஒருவரும் இல்லை. அடுத்த படுக்கை எப்போது காலியாகும் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அதற்கு ஒருவர் சாக வேண்டும்.

உறுதிமொழித் தாளை இதோடு வைத்திருக்கிறேன். கட்டத்தில் "தனியாக" என்று ஒரு வார்த்தை எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு.

இதைக் கேட்கிறவள் எப்படிப்பட்டவள் என்று எனக்குத் தெரியும். நீ புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

அக்கா

ஜூன் 17

அக்கா,

புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை என்று நீயே சொல்லிவிட்டால் நான் எதைத்தான் எழுதுவது? திட்டுவதற்கு இருந்த இடத்தையும் நீயே எடுத்துக்கொண்டாய். சின்ன வயதிலும் இப்படித்தான். அடி வாங்குவதற்கு முன்பே போய் மூலையில் நின்றுகொள்வாய்.

தாள்கள் வந்தன. பைண்டர்தான் பிரித்தான். பிரித்ததும் ஒன்பது புத்தகத்தையும் எடுத்து, அததன் தாளை அததில் வைத்து, பழைய ஓட்டையிலேயே நூல் கோத்துத் தைத்தான். குறைப் புத்தகத்தை அவனால் வீட்டில் வைத்திருக்க முடியாது. பாவம் என்று எழுதிய பக்கத்தையும் சேர்த்துத்தான் தைத்தான், அவ்வளவு நேராக. தைத்து முடித்த பிறகுதான் கவருக்குள் இன்னொரு தாள் இருப்பதைப் பார்த்தான்.

இரண்டு தடவை படித்தான். இருந்த மடிப்பிலேயே மடித்து வைத்தான்.

"உங்க அக்கா பொண்ணுக்கு நான் என்ன வேணும்?" என்று கேட்டான்.

அவனே பதிலும் சொன்னான்.

"நோட்டுப் புத்தகம் தைச்சு அனுப்பற ஆளு. அவ்வளவுதானே. போடு கையெழுத்து."

சொல்லிவிட்டு அவன் தங்கை வீட்டுக்குப் போனான். இன்றோடு மூன்று நாள். சண்டை இல்லை. பிரஸ்ஸிலிருந்து அந்த வீடு பக்கம் என்று சொல்லியனுப்பினான். இந்தப் பதினோரு வருடத்தில் அது பக்கம் என்று அவனுக்குத் தோன்றியதில்லை.

உனக்கு ஒன்று தெரியாது, நான் எழுதவில்லை. போன வருடம் பேப்பர் வெட்டுகிற மெஷினில் அவன் விரல் நசுங்கியது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். நீங்க யாரு என்றார்கள். கூட இருக்கிறவன் என்றேன். சொந்தக்காரங்க இருந்தா வரச் சொல்லுங்க என்றார்கள். அவன் தங்கை வந்து கையெழுத்துப் போடுகிற வரைக்கும் நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். என் சட்டையெல்லாம் அவன் ரத்தம். ஒரு கையெழுத்துக்கு எவ்வளவு மதிப்பு என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். மேஸ்திரியை ஒரு நாள் அந்த மாதிரி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடி, நான் வெளியே பெஞ்சில் உட்கார முடியாது.

அதனால் கையெழுத்துப் போட்டுவிட்டேன். தாள் இதோடு இருக்கிறது. கட்டத்தில் ஒன்றும் எழுதவில்லை. அந்த வார்த்தையை எழுத பேனாவை வைத்தேன். மூன்று தடவை வைத்தேன். ஒரு புள்ளி இருக்கும் பார். கொள்கையை ஏற்கிறேன் என்று அவர்கள் எழுதியதன் கீழே கையெழுத்துப் போடுவது வேறு. அந்த வார்த்தை என் கையெழுத்தில் இருக்கக் கூடாது. அதை நீ எழுதிக்கொள். இல்லாவிட்டால் வேறு எழுது. உன் இஷ்டம்.

இருபதாம் தேதி வருகிறேன். பெருந்தன்மை எல்லாம் இல்லை. போன தடவை லிஃப்டைத் தூக்குகிற வடத்தில் மூன்று இழை பிரிந்திருந்ததைப் பார்த்தேன், அடுத்த தடவை மாற்ற வேண்டும் என்று நோட்டில் குறித்தும் வைத்திருக்கிறேன். எனக்குப் பதில் யாரையாவது அனுப்பலாம் என்று கம்பெனியில் நான்கு பேரிடம் கேட்டேன். அந்த மாடலைப் பார்த்ததே இல்லை என்கிறார்கள். தெரிந்துவிட்ட பிறகு வராமல் இருந்தால், அந்த லிஃப்டில் ஏறுகிறவர்கள் என் கணக்கில்தான் ஏறுகிறார்கள். நாற்காலியில் உட்கார்ந்தபடி பூனை பார்க்கப் போகிறவன் என்ன பாவம் செய்தான்? அடுத்த வருடம் எப்படியோ. இந்த வடத்தை நான் மாற்றியாக வேண்டும்.

லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுக்கிறபோது பார்த்திருக்கிறேன். உள்ளே அழுகிறவர்களைவிட, ஒன்றும் நடக்காத மாதிரி செல்போனைப் பார்த்துக்கொண்டு நிற்கிறவர்கள்தான் வெளியே வந்ததும் மயங்கி விழுவார்கள். நீ அந்த ரகம். ஆஸ்பத்திரியில் யார் கூட இருக்கப்போகிறார்கள் என்று இன்னமும் நீ எழுதவில்லை.

வேலை முடிந்ததும் நேராக ஸ்டேஷனுக்குப் போய்விடுவேன். வீட்டுக்கு வர மாட்டேன். மேஸ்திரியிடம் நான் வருவதாகச் சொல்லாதே.

தம்பி

ஜூன் 23

தம்பிக்கு,

நீ வந்துவிட்டுப் போனதை நிர்வாகி அம்மா சொன்னார். எட்டரை மணிக்கு ஏறினவர் மூன்று மணிக்குத்தான் இறங்கினார், சாப்பிடக் கூப்பிட்டதற்கு வேலை இருக்கிறது என்றுவிட்டார் என்றார். நான் நான்கு மணிக்கு இவளை அழைத்துவரப் போனபோது, புது வடம் போட்ட லிஃப்டில் ஆயா ஒவ்வொரு நாற்காலியாக ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார். இவளும் ஏறினாள். ஆறு தடவை. சத்தமே இல்லாமல் போவதை இவளால் நம்ப முடியவில்லை. கதவு திறக்கும்போதெல்லாம் மேலே பார்த்தாள்.

நீ வருவதாக நான் சொல்லவில்லை. ஆனால் உன் கருவிப்பையை இவள் வாசலில் பார்த்திருக்கிறாள். வீட்டுக்கு வந்து தெருப்பக்கத்து ஜன்னலை விட்டு நகரவில்லை. "மாமா" என்று இரண்டு தடவை சொன்னாள். ஐந்து வார்த்தைதான் இவளிடம் இருக்கிறது. அதில் ஒன்று.

ஆஸ்பத்திரியில் என்னோடு பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிற பெண் இருப்பாள். காலை ஏழு மணிக்கு. இரண்டு முறை கேட்டுவிட்டாய், எழுதிவிட்டேன்.

உன் தாள் என் கைப்பையில் மூன்று நாளாக இருக்கிறது. அந்தப் புள்ளியைப் பார்த்தேன். முதல் நாள் அலுவலகத்தில் எடுத்து வைத்துக்கொண்டு அந்த வார்த்தையை எழுதப் பார்த்தேன். எனக்கு உன் கையெழுத்து வரும். பள்ளிக்கூடத்தில் உன் விடுப்புக் கடிதமெல்லாம் நான் எழுதினதுதான். எழுதவில்லை.

பைண்டரை நான் பார்த்ததே இல்லை. இவளுக்கு அவர் அனுப்பிய நோட்டு பதினொன்று இருக்கிறது. பிரஸ்ஸில் வெட்டி மிஞ்சுகிற தாளில் தைத்தவை, ஒன்றுகூடப் பிரிந்ததில்லை. இவள் எழுத மாட்டாள், பக்கம் பக்கமாகத் திருப்புவாள். வாழ்நாளில் இவள் கையில் அதிக நேரம் இருந்த பொருள் அவர் செய்ததாகத்தான் இருக்கும். "நான் என்ன வேணும்" என்று அவர் கேட்டதை நீ எழுதியதிலிருந்து, அந்த நோட்டுகளை நான் இடம் மாற்றி மாற்றி வைக்கிறேன். எங்கே வைத்தாலும் கண்ணில் படுகிறது.

நான் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். நாளை பதினொரு மணிக்கு நேரம் கொடுத்திருக்கிறார். கட்டத்தில் என்ன எழுத வேண்டும் என்று அவர் கேட்பார். உள்ளதைச் சொல்லப்போகிறேன். என் தம்பி பதினோரு வருடமாக ஒருவரோடு வாழ்கிறான். உங்கள் லிஃப்டில் ஒன்பது வருடமாக எல்லாரும் ஏறி இறங்குவது அவன் கையால்தான். உங்கள் நான்காம் பக்கம் சரி என்றால் இதெல்லாம் என்ன என்று எனக்கு விளக்குங்கள். இவ்வளவுதான். கத்தப்போவதில்லை. வழிபாட்டில் நான் வாய் திறக்காததைப் பற்றியும் சொல்லிவிடலாம் என்றிருக்கிறேன். சமையலறையில் நின்று இரண்டு முறை சொல்லிப் பார்த்தேன். குரல் நன்றாகவே வந்தது. இவள் கைதட்டினாள்.

படுக்கை கிடைக்காமல் போகும். தெரியும். அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போடலாமா என்று டாக்டரைக் கேட்டேன். மாதக்கணக்கில் முடியாது என்றார். இவளை யார் தூக்குவார்கள் என்று கேட்டால் எனக்குப் பதில் இல்லை. பதில் இல்லாவிட்டாலும் ஒரு முறையாவது அந்தப் பக்கத்தை உருவாமல் விட வேண்டும்.

நீ பைண்டரை வீட்டுக்குக் கூப்பிடு. நான் சொன்னதாகச் சொல்.

இதை இன்றைக்கே தபாலில் போட்டிருக்க வேண்டும். பெட்டியில் எடுக்கிற நேரம் கடந்துவிட்டது. நாளை போய் வந்த பிறகு, நடந்ததையும் எழுதிச் சேர்த்து அனுப்புகிறேன்.

24

நடந்ததை எழுதுகிறேன்.

பத்தே முக்காலுக்குப் போய்விட்டேன். அறைக்கு வெளியே இருந்த பெஞ்சில் ஒரு தகப்பனும் மகனும் உட்கார்ந்திருந்தார்கள். மகனுக்கு முப்பது வயதிருக்கும், தகப்பனுக்கு எழுபதுக்கு மேல். மகனின் வாயைத் தகப்பன் துடைத்துக்கொண்டே இருந்தார். எந்தப் பிரிவுக்கு வந்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். "ஒரு எடம் காலி இருக்குன்னு சொன்னாங்க. யாரோ ஒரு அம்மா இன்னைக்கு வருவாங்களாம். அவங்க வேணாம்னா எங்களுக்காம்" என்றார். நான் தலையாட்டினேன்.

உள்ளே கூப்பிட்டார்கள். நிர்வாகி அம்மா எழுந்து நின்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அறுவை சிகிச்சை முடிகிறவரை இவளைப் பற்றி ஒரு நினைப்பும் வேண்டாம், தான் தன் பிள்ளை மாதிரி பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். அவர் பார்த்துக்கொள்வார். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

தாளை எடுத்துக் கொடுத்தேன். உன் கையெழுத்தைப் பார்த்தார். கட்டத்தைப் பார்த்தார்.

"இத விட்டுட்டாரே. தம்பிக்குக் கல்யாணம் ஆகலதானே?"

ஆகவில்லை என்றேன். அது உண்மை.

"அப்ப தனியாத்தான் இருக்காரு?"

நான் சொல்ல வேண்டியது எல்லாம் எனக்கு ஞாபகம் இருந்தது. வரிசை மாறாமல் ஞாபகம் இருந்தது. கதவு முழுக்கச் சாத்தியிருக்கவில்லை. பெஞ்சில் அந்தத் தகப்பன் இந்தப் பக்கம் பார்க்காமல் இருக்க முயற்சி செய்துகொண்டிருந்தார்.

"ஆமா" என்றேன்.

"பாவம்" என்றார் அவர். எழுதப் போனார். அவர் பேனா எழுதவில்லை. உதறிப் பார்த்தார், ஓரத்தில் கிறுக்கிப் பார்த்தார். நான் கைப்பையைத் திறந்து என் பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றிக் கொடுத்தேன்.